ஜியோலைட் துளையின் வாயில் என்ன நடக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரம்பாக்கம், தடா, சூளூர்ப்பேட்டை பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். பலருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கல்லூரியில் ஆங்கிலம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் மணலிக்கும் பயிற்சிக்குப் போகிறவர்களும், அங்கே ஒப்பந்த வேலை பார்க்கிற அவர்களுடைய அண்ணன்மாரும் சேர்ந்தே கேட்பார்கள். ஜியோலைட் வந்தாலே திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான். பாடப்புத்தகம் "மூலக்கூறு சல்லடை" என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறது, குழப்பத்தில் பாதி அந்த ஒரு வரியால் வருவது. அதனால் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டு, பதிலை எழுதி வைக்கிறேன்.

சார், ஜியோலைட்னா முதல்ல என்ன? கல்லா, பவுடரா?

இயற்கையில் கல். 1756-இல் ஸ்வீடன் நாட்டுக் கனிமவியலாளர் க்ரோன்ஸ்டெட் ஒரு கல்லைச் சூடாக்கியபோது அது கொதிப்பது போல நுரைத்து நீராவி விட்டது, அதற்குத்தான் 'கொதிக்கும் கல்' என்று பொருள்படும் இந்தப் பெயரை வைத்தார். நம் நாட்டில் தக்காணத்து எரிமலைப் பாறைகளில், புனே, நாசிக் பக்கத்துக் கல்குவாரிகளில் அழகழகான ஜியோலைட் படிகங்கள் கிடைக்கின்றன. ஆலையில் பயன்படுவதோ பெரும்பாலும் செயற்கை. சிலிக்கா, அலுமினா, காரம், தண்ணீர் எல்லாம் சேர்த்து மூடிய பாத்திரத்தில் அழுத்தத்தில் வேகவைத்து எடுக்கிறார்கள். வெளியே வரும்போது வெள்ளைப் பவுடர். அதைக் களிமண் போன்ற பிணைப்பானோடு சேர்த்து உருண்டையாகவோ குச்சியாகவோ செய்தால் ஆலைக்குப் போகும் வினையூக்கி.

உள்ளமைப்புதான் முக்கியம். சிலிக்கான் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன், அந்த ஆக்சிஜன் ஒவ்வொன்றும் அடுத்த சிலிக்கானோடு பங்கு. இப்படிப் பின்னிக்கொண்டே போகும்போது, படிகம் முழுக்க ஒரே அளவுள்ள துளைகள் ஒழுங்காக அமைந்துவிடுகின்றன. சில இடங்களில் சிலிக்கானுக்குப் பதில் அலுமினியம் உட்கார்ந்தால் அங்கே ஒரு எதிர்மின் சுமை மிச்சமாகும், அதை ஈடுகட்ட ஒரு நேர்மின் அயனி வேண்டும். சோடியம் இருந்தால் சாதுவான பொருள். ஹைட்ரஜன் இருந்தால் அதுவே வலுவான அமிலம், அதுவும் பாட்டிலில் ஊற்ற முடியாத, திடமான அமிலம். கீழே வரும் ஹைட்ரோகார்பன் வினைகளுக்கு வேர் இந்த அமில மையம்தான்.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்ல, சோப்புத்தூள்ல இருக்கிற ஜியோலைட்டும் ரிஃபைனரியில இருக்கிறதும் ஒண்ணுதானா அண்ணா?

குடும்பம் ஒன்று, வேலை வேறு. சோப்புத்தூளில் இருப்பது ஏ வகை. அதிலுள்ள சோடியத்தைக் கொடுத்துவிட்டு, தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியத்தை வாங்கிக்கொள்கிறது. கொரோனா காலத்தில் எல்லாரும் பார்த்த கான்சன்ட்ரேட்டரில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் இரண்டுமே துளைக்குள் போகும், ஆனால் நைட்ரஜன் அங்கிருக்கும் நேர்மின் அயனிகளோடு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும், ஆக்சிஜன் நழுவி வெளியே வரும். அங்கே பிரிப்பது துளையின் அளவு இல்லை என்பதைக் கவனியுங்கள், பலரும் இதைத் தப்பாகச் சொல்கிறார்கள். ரிஃபைனரியில் இருப்பது மேலே சொன்ன அமில வடிவம்.

துளை எவ்வளவு பெருசு? கண்ணுக்குத் தெரியுமா?

தெரியாது, சாதாரண நுண்ணோக்கியிலும் தெரியாது. துளையின் வாயைச் சுற்றி எத்தனை சிலிக்கான், அலுமினிய அணுக்கள் வளையமாக நிற்கின்றன என்பதை வைத்துத்தான் அளவைச் சொல்வது வழக்கம். 8 வளையம் என்றால் சுமார் 0.4 நானோமீட்டர், 10 வளையம் என்றால் சுமார் 0.55, 12 வளையம் என்றால் சுமார் 0.74 வரை. ஏ வகையும் சாபோ-34-உம் 8 வளையம். இசட்எஸ்எம்-5, இசட்எஸ்எம்-22 இரண்டும் 10 வளையம். கனமான எண்ணெயை உடைத்துப் பெட்ரோல் தயாரிக்கும் கிராக்கிங் அலகில் இருக்கும் ஒய் வகை 12 வளையம்.

அளவுக்கு ஒரு நல்ல உதாரணம், பெட்ரோலில் கலக்கும் எத்தனால். காய்ச்சி வடித்தால் 95 சதவீதத்துக்கு மேல் எத்தனால் சுத்தமாகாது, மிச்சத் தண்ணீர் கூடவே வரும். 3ஏ என்ற ஜியோலைட் படுகை வழியே விட்டால் சுமார் 0.27 நானோமீட்டர் உள்ள தண்ணீர் உள்ளே போய்விடும், 0.44 உள்ள எத்தனால் போக முடியாது. இது உண்மையிலேயே சல்லடை வேலை. பாடப்புத்தகத்து வரி இங்கே சரி.

அப்ப இது வெறும் சல்லடைதானே சார்? சின்னது போகும், பெருசு நிக்கும். இதுல கேட்டலிஸ்ட் எங்க வருது?

எத்தனாலில் வெறும் சல்லடை. ஹைட்ரோகார்பனில் அப்படி இல்லை, ஏனென்றால் உள்ளே போன மூலக்கூறு அமிலத்தைச் சந்தித்து வேறாக மாறுகிறது. 1960-இல் மோபில் நிறுவனத்தைச் சேர்ந்த வைஸும் ஃப்ரிலெட்டும் "வடிவத் தேர்வு வினையூக்கம்" என்ற எண்ணத்தை வெளியிட்டார்கள். அதை இன்று மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். ஒன்று, எது உள்ளே நுழைய முடிகிறதோ அதுதான் வினைபுரியும். நேர்ச்சங்கிலி ஹெக்சேன் நுழைந்து உடையும், கிளையுள்ளது வெளியே நிற்கும். இரண்டு, உள்ளே உருவானவற்றில் எது வெளியே வர முடிகிறதோ அதுதான் நம் கைக்குக் கிடைக்கும். மூன்று, வினை நடக்கிற அந்தக் கணத்தில் மூலக்கூறு எடுக்க வேண்டிய வடிவத்துக்கே உள்ளே இடம் இருக்காது, அதனால் அந்த வினை நடக்காது.

இரண்டாவதுக்குப் பெயர் போன உதாரணம் பாரா சைலீன், நம் பாலியஸ்டர் துணிக்கு மூலப்பொருள். சைலீன் மூன்று வகை: ஆர்த்தோ, மெட்டா, பாரா; அணுக்கள் அதே, அமைப்பு வேறு. சமநிலைக்கு விட்டால் இந்த மூன்றில் பாரா 24 சதவீதம் அளவில்தான் இருக்கும். இசட்எஸ்எம்-5-க்குள் உருவாகும்போது ஒல்லியான பாரா மட்டும் விறுவிறுவென்று வெளியே ஓடிவிடும். ஆர்த்தோவும் மெட்டாவும் உள்ளேயே தடுமாறி, திரும்ப அமிலத்தில் பட்டுப் பாராவாக மாறி வெளியே வரும். நம் நாட்டிலும் 1980களில் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் பால் ரத்னசாமி குழு என்சிலைட் என்ற இதே குடும்பத்து வினையூக்கியை உருவாக்கி, சைலீன் ஆலைக்குக் கொண்டுபோனது. எல்லாவற்றையும் இறக்குமதிதான் செய்கிறோம் என்று நினைக்கிற பிள்ளைகளிடம் இதை அழுத்திச் சொல்வேன்.

சாபோ-34 இன்னும் ஒரு படி மேலே. அதன் உள்ளே அகலமான கூடு, வாசலோ 8 வளையம், 0.38 நானோமீட்டர். மெத்தனாலை விட்டால் கூட்டுக்குள் பென்சீன் வளையச் சேர்மங்கள் உருவாகி வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்ட அவையே அடுத்தடுத்து வரும் மெத்தனாலை எத்திலீனாகவும் புரொப்பிலீனாகவும் மாற்றி அனுப்பும். சீனாவின் பாவ்டௌவில் 2010-இல் இந்த வழியில் பெரிய ஆலையே ஓடத் தொடங்கிவிட்டது.

0.55 துளைக்குள்ள 0.58 இருக்கிற பாரா சைலீன் எப்படி சார் போகும்? புக்குல தப்பா போட்டிருக்காங்களா?

தப்பில்லை. 0.55 என்பது அணுக்களைக் கெட்டியான பந்துகளாக நினைத்து, அவை அசையாமல் நிற்பதாக வைத்துப் போட்ட கணக்கு. நிஜத்தில் வளையம் அதிர்ந்துகொண்டே இருக்கிறது, 400 டிகிரி செல்சியஸில் இன்னும் அதிகமாக. மூலக்கூறின் ஓரத்திலிருக்கும் எலக்ட்ரான் மேகமும் கொஞ்சம் நசுங்கிக் கொடுக்கும். அதனால் 0.03 வித்தியாசம் கதவை அடைப்பதில்லை, வேகத்தைக் குறைக்கிறது. 0.68 இருக்கிற ஆர்த்தோ, மெட்டாவுக்கு அதே கதவு ஆயிரம் மடங்குக்கும் மேல் மெதுவாகிவிடுகிறது. "போகும், போகாது" என்று எழுதுவதைவிட "வேகமாகப் போகும், மெதுவாகப் போகும்" என்று எழுதுங்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்கள் எல்லாம் எளிதாகும்.

மணலியில ஒருத்தர் சொன்னார், கிராக்கிங் யூனிட்ல ஒய் ஜியோலைட் இருக்கும்போதே இசட்எஸ்எம்-5 தனியா போடுவாங்கன்னு. ரெண்டும் எதுக்கு?

ஒய் வகையின் அகலமான வாய் கனமான எண்ணெயைப் பெட்ரோல் அளவுக்கு உடைக்கிறது. அப்படி வந்த பெட்ரோலில் இருக்கும் நேர்ச்சங்கிலி ஒலிஃபீன்கள் (இரட்டைப் பிணைப்புள்ள ஹைட்ரோகார்பன்கள்) மட்டும் இசட்எஸ்எம்-5-இன் குறுகிய வாய்க்குள் நுழைந்து மறுபடி உடைந்து புரொப்பிலீனாகவும் சமையல் எரிவாயுவாகவும் மாறும், கிளையுள்ளவை பெரும்பாலும் தப்பித்துப் பெட்ரோலிலேயே இருக்கும். பெட்ரோல் அளவு குறையும், ஆக்டேன் எண் ஏறும், புரொப்பிலீன் கூடும். சந்தையில் எது விலை போகிறதோ அதற்கேற்ப இந்தச் சேர்மானத்தைக் கூட்டியோ குறைத்தோ ஓட்டுவார்கள்.

"போர் மவுத்"னு, அதாவது துளை வாய்னு, ஒரு பேப்பர்ல படிச்சேன். மூலக்கூறு உள்ளே போகாமலே வினை நடக்குதாம். உள்ளே போகலைன்னா அப்புறம் ஜியோலைட் எதுக்கு?

நல்ல கேள்வி, இந்தப் பக்கத்தையே இதற்காகத்தான் எழுத ஆரம்பித்தேன். முழுக்க உள்ளே போவது, முழுக்க வெளியே நிற்பது என்று இரண்டு நிலைதான் உண்டு என்று நினைப்பதால் வருகிற குழப்பம் இது. நீளமான சங்கிலி மூலக்கூறுக்கு மூன்றாவது நிலை ஒன்று உண்டு: ஒரு பாதி உள்ளே, ஒரு பாதி வெளியே. காலை நேரத்தில் சூளூர்ப்பேட்டை லோக்கலின் வாசலில் நிற்கிறவர் போல, வண்டிக்குள் இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று கேட்டால் இரண்டும்தான்.

இசட்எஸ்எம்-22-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் துளைகள் ஒன்றோடொன்று சேராத நேர்க்குழாய்கள், வாய் 0.46-க்கு 0.57 நானோமீட்டர், முட்டை வடிவம். பத்துப் பதினைந்து கார்பன் உள்ள நேர்ச்சங்கிலி இதற்குள் சுகமாக நுழையும். நுழையும் ஒவ்வொரு கார்பனுக்கும் குழாய்ச் சுவரோடு ஏற்படும் ஈர்ப்பால் மோலுக்குச் சுமார் 10 முதல் 12 கிலோஜூல் ஆற்றல் ஆதாயம். ஆனால் உள்ளே போகப் போக நெளியும் சுதந்திரம் பறிபோகிறது, அது நட்டம். வாயிலேயே நின்றால் உள்ளே இருக்கும் பகுதிக்கு ஈர்ப்பும் கிடைக்கும், வெளியே இருக்கும் பகுதிக்குச் சுதந்திரமும் மிஞ்சும். அமில மையம் அந்த வாயின் விளிம்பில் இருந்தால் வினை அங்கேயே நடந்துவிடும். ஜியோலைட் எதற்கு என்றால் இதற்குத்தான்: சங்கிலியைப் பிடித்து, ஒரு குறிப்பிட்ட கோணத்தில், ஒரு குறிப்பிட்ட கார்பன் அமிலத்துக்கு நேராக வருமாறு நிறுத்த வாய் வேண்டும். வழவழப்பான சாதாரண அமிலப் பரப்பு இதைச் செய்யாது.

அங்க என்ன வினைதான் நடக்குது? எங்க பயன்படுது?

என்ஜின் ஆயிலில். கச்சா எண்ணெயின் கனமான பகுதியில் நீண்ட நேர்ச்சங்கிலிகள் இருக்கும், அவைதான் மெழுகு. 16 கார்பன் உள்ள ஹெக்சாடெக்கேன் 18 டிகிரியிலேயே உறையும், 20 கார்பன் என்றால் 37 டிகிரி. இந்த மெழுகு இருந்தால் குளிரில் எண்ணெய் கெட்டியாகி ஓடாது. பழைய முறையில் கரைப்பானைச் சேர்த்துக் குளிரவைத்து மெழுகை வடிகட்டி எடுப்பார்கள், மணலி ஆலை எண்ணெயோடு பாரஃபின் மெழுகும் விற்பது இப்படித்தான். அதற்குப் பிறகு வந்தது இசட்எஸ்எம்-5-ஐ வைத்து மெழுகை உடைத்துவிடும் முறை. எண்ணெய் ஓடும், ஆனால் உடைந்த மெழுகு எரிவாயுவாகவும் நாஃப்தாவாகவும் போய்விடும், விலைமதிப்புள்ள எண்ணெய் அந்த அளவுக்குக் குறையும்.

மூன்றாவது வழி, மெழுகை எடுக்காமலும் உடைக்காமலும் வடிவத்தை மட்டும் மாற்றுவது. சங்கிலியில் ஒரே ஒரு மெத்தில் கிளையை வைத்துவிட்டால் போதும், ஒன்றோடொன்று அடுக்கி உறைய முடியாமல் உறைநிலை சரசரவென்று இறங்கும். எடை அதேதான், எண்ணெய் நட்டமில்லை. ஜியோலைட்டோடு சேர்த்து வைத்திருக்கும் பிளாட்டினம் முதலில் சங்கிலியிலிருந்து இரண்டு ஹைட்ரஜனைக் கழற்றி ஒலிஃபீனாக்கும். அது அமில மையத்துக்குப் போய்ப் புரோட்டான் வாங்கி, மூன்று கார்பன் வளையம் ஒன்றை நொடிப்பொழுது உருவாக்கி, அது திறக்கும்போது கிளையாகிவிடும். திரும்பப் பிளாட்டினத்திடம் வந்து ஹைட்ரஜனைச் சேர்த்துக்கொண்டு கிளம்பும். ஷெவ்ரான் நிறுவனம் 1993-இல் சாபோ-11 வகையை வைத்து இதை ஆலை அளவில் கொண்டுவந்தது. அதுவும் 10 வளைய நேர்க்குழாய்தான்.

கிளை ஏன் எங்க வேணா விழாம நுனி பக்கமே அதிகமா விழுது?

நேர்ச்சங்கிலி குழாய்க்குள் பொருந்தும், கிளை முளைத்த இடம் பொருந்தாது என்பதுதான் காரணம். கிளை உள்ள கார்பன் வாயின் உதட்டிலேயே நிற்க வேண்டும். மிச்சமுள்ள நேர்ப்பகுதி எவ்வளவு நீளமோ அவ்வளவும் உள்ளே போய் முந்தைய பதிலில் சொன்ன 10-12 கிலோஜூல் ஆதாயத்தைச் சம்பாதிக்கும். அப்படியானால் கிளை எங்கே இருந்தால் அதிக ஆதாயம்? ஒரு நுனியில், அதாவது இரண்டாவது கார்பனில். அதனால்தான் 2-மெத்தில் தூக்கலாக வருகிறது. ஒய் போன்ற அகலத் துளையில் இந்தக் கட்டாயமே இல்லை, அங்கே கிளை பரவலாக விழும்.

சங்கிலி இன்னும் நீளும்போது நடுப்பகுதியிலும் கிளைகள் அதிகரிக்கின்றன. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் மார்ட்டென்ஸ், ஜேக்கப்ஸ் குழு இதற்குச் "சாவி-பூட்டு" என்று விளக்கம் கொடுத்தது. நீண்ட சங்கிலியின் ஒரு நுனி ஒரு வாயிலும் மறுநுனி பக்கத்து வாயிலும் நுழைந்து, நடுப்பகுதி படிகத்தின் வெளிப்பரப்பில் பாலம் போட்டபடி நிற்கிறது, அமிலம் அந்த நடுப்பகுதியைத் தொடுகிறது. 10 கார்பன் டெக்கேனிலிருந்து 24 கார்பன் டெட்ராகோசேன் வரை ஒவ்வொன்றாக வினைப்படுத்தி, கிளை எங்கெங்கே விழுகிறது என்று பார்த்து எழுதினார்கள். இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டு கிளைகள் அருகருகே விழுந்தால் சங்கிலி எளிதில் உடைந்துவிடும். வாயில் நடக்கிற வினையில் இரண்டாவது கிளை விழுந்தாலும் தள்ளித்தான் விழும், அதனால் உடைவது குறைவு. எண்ணெய் நட்டமில்லை என்றேனே, அதற்குக் காரணம் இங்கே இருக்கிறது.

வாயிலதான் நடக்குதுன்னு யாராவது கண்ணால பார்த்தாங்களா? எப்படி நம்புறது?

கண்ணால் பார்த்த சாட்சி இல்லை, சூழ்நிலைச் சான்றுதான், ஆனால் வலுவானது. குழாய்க்குள் எளிதில் நகர முடியாத கிளைச் சேர்மங்கள் ஏராளமாக வெளியே வருகின்றன. கிளை விழும் இடத்தின் ஒழுங்கு மேலே சொன்ன கணக்கோடு பொருந்துகிறது. கிளையுள்ள ஆல்க்கேன்களை இசட்எஸ்எம்-22 மேல் ஒட்டவைத்து அளந்தால், நேர்ப்பகுதி மட்டும் உள்ளே போனதற்கான அளவே கிடைக்கிறது.

மறுப்பும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 1999-இல் மேசன், ஸ்மிட் முதலியோர் கணினிக் கணக்கீடு செய்து, வாய், சாவி-பூட்டு எதுவும் தேவையில்லை, துளைக்குள்ளேயே உருவாகி வெளியேறும் வழக்கமான வடிவத் தேர்வே இந்த விளைபொருள்களை விளக்கிவிடும் என்று எழுதினார்கள். இரண்டு பக்கமும் தேர்ந்தவர்கள். என் கருத்தைக் கேட்டால், இசட்எஸ்எம்-22-இல் நீண்ட சங்கிலிக்கு வாய் விளக்கம்தான் அதிகம் பொருந்துகிறது, முக்கியமாக ஒட்டுதல் அளவீடுகளைப் பார்க்கும்போது. தேர்வில் கேட்டால் இரண்டையும் எழுதிவிட்டு உங்களுக்கு எது சரியாகப் படுகிறது, ஏன் என்று எழுதுங்கள்.

டிரெய்னிங்ல துளை வாயைச் சிலிக்கா பூசிச் சுருக்கணும்னு சொன்னாங்க. நீங்க வாயிலதான் வினையே நடக்குதுங்கிறீங்க. எது சரி அண்ணா?

இரண்டும் சரி, வேறு வேறு வினைக்கு. சிலிக்கா பூசுவது பாரா சைலீன் கதை. துளைக்குள் நுழைய முடியாத பெரிய சிலிக்கான் சேர்மத்தை ஆவியாக்கி விட்டால் அது படிகத்தின் வெளியே மட்டும் படியும், உள்ளே இருக்கும் அமிலத்தைத் தொடாது. இதனால் இரண்டு பலன். வாய் ஒரு மயிரிழை சுருங்கி, ஆர்த்தோ, மெட்டாவின் வேகம் இன்னும் குறைகிறது. வெளிப்பரப்பில் இருக்கும் அமில மையங்களும் மூடப்படுகின்றன, அவை திறந்திருந்தால் கஷ்டப்பட்டு வெளியே வந்த பாரா சைலீன் வாசலிலேயே மறுபடி ஆர்த்தோவாகவும் மெட்டாவாகவும் மாறிவிடும். இப்படிச் செய்து 24 சதவீதத்தை 90-க்கு மேல் கொண்டுபோகிறார்கள்.

அதே பூச்சை இசட்எஸ்எம்-22-க்குப் போட்டால் மெழுகை மாற்றும் வினை படுத்துவிடும், ஏனென்றால் வேலை நடக்கும் இடத்தையே மூடிவிட்டீர்கள். சைலீனில் வாய் ஒரு வாசல், வினை உள்ளே நடக்கிறது. மெழுகில் வாயே பட்டறை. ஒரு கட்டுரையை எடுத்தவுடன் "இங்கே மூலக்கூறு வாயில் என்ன செய்கிறது, கடந்து போகிறதா, அங்கேயே மாறுகிறதா" என்று முதலில் கேளுங்கள். இதைக் கேட்காமல் துளை அளவு, அமில அளவு, சிலிக்கா-அலுமினா விகிதம் என்று அட்டவணையை மனப்பாடம் செய்கிறவர்கள்தான் எந்த மாற்றம் எதற்கு என்று தெரியாமல் திணறுகிறார்கள்.

கோக் படிஞ்சா கேட்டலிஸ்ட் கெட்டுப்போகும்னுதானே படிச்சோம்? ஃபெரியரைட்ல கோக் படிஞ்சப்புறம்தான் நல்லா வேலை செய்யுதாமே?

கோக் என்பது வினையின்போது வினையூக்கியில் படியும் கரி. பொதுவாகக் கெடும். ஒய் வகையில் கோக் அகலமான கூடுகளுக்குள்ளேயே வளர்ந்து அமிலத்தை மூடிவிடும், அதனால்தான் கிராக்கிங் அலகில் சில நொடிகளிலேயே வினையூக்கியை வெளியே எடுத்து 700 டிகிரி அளவில் எரித்துத் திருப்பி அனுப்புகிறார்கள். இசட்எஸ்எம்-5-க்குள் கோக்கின் பெரிய வளையங்கள் உருவாக இடமில்லை, அதனால் பெரும்பாலும் வெளியே படியும், நீண்ட நாள் தாங்கும். மேலே மூன்றாவது வகைத் தேர்வு என்று சொன்னேனே, அது இதுதான்.

ஃபெரியரைட் என்ற ஜியோலைட்டின் கதை வேறு. நேர்ச்சங்கிலி பியூட்டீனை ஐசோபியூட்டீனாக மாற்ற 1990களில் நிறைய ஆராயப்பட்டது. புதிதாகப் போட்டவுடன் பியூட்டீன்கள் ஜோடி சேர்ந்து உடைந்து புரொப்பிலீன், பென்டீன் என்று கண்டபடி தரும். மணிக்கணக்கில் ஓடி உள்ளே கார்பன் நிறைந்த பிறகு ஐசோபியூட்டீன் தேர்வு 90 சதவீதத்தைத் தொடும். உள்ளே அடைபட்டதால் வாயில் மட்டும் வினை நடக்கிறது, அங்கே ஜோடி சேர இடமில்லை என்பது ஒரு விளக்கம். வாயில் மாட்டிய கார்பன் சேர்மமே வினையில் பங்கெடுக்கிறது என்பது இன்னொன்று. ஜோடி சேரும் அளவுக்கு இடமுள்ள மையங்கள் அடைபட்டு, நல்ல மையங்கள் மிஞ்சின, அவ்வளவுதான் என்பது மூன்றாவது. இதில் முடிவான தீர்ப்பு வரவில்லை, அதனால் "கோக் நல்லது" என்று ஒரு வரியில் எழுதிவிடாதீர்கள்.

என் அண்ணன் ஷட்டவுன்ல கேட்டலிஸ்ட் இறக்குற வேலைக்குப் போறார். அந்தத் தூசு உடம்புக்குக் கெடுதலா?

இது பாடத்துக்கு வெளியே இருந்தாலும் எனக்கு முக்கியமான கேள்வி. எரியோனைட் என்ற இயற்கை ஜியோலைட் நார் வடிவமானது. துருக்கியின் கப்படோசியா பகுதிக் கிராமங்களில் அதைச் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் உறையில் புற்றுநோய் வந்தது நிரூபணமானது. ஆலையில் இருக்கும் ஒய், இசட்எஸ்எம்-5 அந்த வகை நார் இல்லை. ஆனாலும் நுண்ணிய தூசு நுரையீரலுக்கு ஆகாது, பயன்படுத்திய வினையூக்கியில் நிக்கல், வெனேடியம் போன்ற உலோகங்கள் படிந்திருக்கும், கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு இறக்கக் கூடாது. சரியான தூசு முகமூடி கேட்டு வாங்க வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து நைட்ரஜன். சல்ஃபைடு ஏறிய பழைய வினையூக்கி காற்றுப்பட்டால் தானே தீப்பிடிக்கும் என்பதால் கலனை நைட்ரஜனால் நிரப்பி வைத்திருப்பார்கள். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, மூச்சுத் திணறுகிற உணர்வுகூட வராது, ஓரிரு மூச்சில் மயங்கி விழுவார்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்த கலனுக்குள் தனிக் காற்றுக் குழாயும், வெளியே ஆளும், நுழைவு அனுமதிச் சீட்டும் இல்லாமல் தலையைக்கூட நீட்டக் கூடாது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் பதறிக் கூடவே இறங்கக் கூடாது, இப்படி இறங்கித்தான் இரண்டாவது உயிரும் போகிறது. இந்தப் பத்தியை மட்டுமாவது அண்ணனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

வாயிலதான் வேலைன்னா, கேட்டலிஸ்ட்டை நைசா அரைச்சிட்டா வாய் நிறைய கிடைக்குமே சார், ஏன் அரைக்கறதில்லை?

யோசனை சரியான திசையில்தான் போகிறது, வழிதான் சரியில்லை. அரைக்கும்போது படிகம் ஒழுங்காகத் துண்டாவதில்லை, உடைந்த முகங்களில் அமைப்பு சிதைந்து வாய்கள் நசுங்கி அடைபட்டுப் போகும், ரொம்ப அரைத்தால் படிகத்தன்மையே போய்விடும். அதோடு இசட்எஸ்எம்-22 படிகம் ஊசி வடிவம், குழாய்கள் ஊசியின் நீளவாக்கில் ஓடுகின்றன. வாய்கள் ஊசியின் இரண்டு முனைகளில்தான் இருக்கின்றன, பக்கவாட்டுப் பரப்பு எவ்வளவு இருந்தாலும் அங்கே வாய் கிடையாது. ஊசியை மெலிதாக்கிப் பயனில்லை, குட்டையாக்க வேண்டும்.

அதனால் வளர்க்கும்போதே குட்டையான நுண்படிகமாக வளர்க்கப் பார்க்கிறார்கள், கலக்கும் வேகம், வெப்பம், வார்ப்பாக நிற்கும் கரிமச் சேர்மம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றி. இன்னொரு வழி, வளர்ந்த படிகத்தை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்துச் சிலிக்கானைக் கொஞ்சம் கரைத்து நடுவில் பெரிய பள்ளங்கள் உண்டாக்குவது. ஒவ்வொரு பள்ளத்தின் சுவரிலும் புது வாய்கள் திறக்கும். கரைந்து விழும் அலுமினியத் துகள் சில வாய்களை அடைத்துக்கொள்ளும் என்பதால் பிறகு நீர்த்த அமிலத்தில் கழுவ வேண்டும். பிளாட்டினமும் அந்த வாய்களுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். ஒலிஃபீன் தூரம் அலைந்து திரிந்தால் வழியில் வேறு அமிலத்தில் பட்டு உடைந்துவிடும். இதையெல்லாம் செய்து பார்க்க ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை, சென்னை ஐஐடியில் வினையூக்க ஆராய்ச்சிக்கென்றே தேசிய மையம் இருக்கிறது. எம்.எஸ்ஸி. முடிக்கிற வருடம் அங்கே யார் யார் ஜியோலைட் வேலை செய்கிறார்கள் என்று பார்த்து, கோடை விடுமுறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.